மூன்றாவது ஸ்பிரிங்

உப்பிலியபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த அம்மாள் இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்திருந்தார். கையில் ஓர் உரச் சாக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடச் சாக்கைக் கீழே வைக்கவில்லை. நல்ல கனம் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"இருங்க சார், எண்ணெ ஒட்டிக்கும்" என்றார்.

கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். சாக்குக்குள் மரம் அறுக்கிற ஒரு பழைய வெளிநாட்டு செயின்சா இருந்தது. மேலே யாரோ பச்சைப் பெயின்டை அப்பியிருந்தார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அந்த மாதிரி மெஷின் கிடைப்பது அபூர்வம்.

"மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளிக்கு நீங்க ஒண்ணு செஞ்சு குடுத்தீங்களாம்ல. எங்க அண்ணன் மகன் அங்கதான் வேலை பாக்குறான். இந்த மாதிரி பழச புதுசாக்கிட்டா வாங்க ஆளு இருக்காங்கன்னு சொன்னான்."

"இருக்காங்கம்மா. மெஷின் யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது. அவருக்கு இனிமே ஆகாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் கவனமெல்லாம் மெஷினில் இருந்தது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். என்ஜின் இறுகவில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மாளுக்கு என் மனைவி காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, போன் நம்பரைச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

பெரிய தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் ஃபிட்டராக இருந்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் நான். அதன்பின் திருச்சி பாலக்கரையில் ஒரு கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பம்ப்செட், மருந்தடிக்கும் மெஷின், செயின்சா எல்லாம் அங்கே பழுதுக்கு வரும். முதலாளி முன்னால் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவார். நான் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் இருப்பேன். மெஷின் யாருடையது, எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. மனிதர்களிடம் பேசாமல் வேலை செய்ய முடிகிறதே என்று அதைப் பெரிய வசதியாகவே நினைத்திருந்தேன்.

அந்தக் கடை மூடிய பிறகுதான் இந்தப் பழைய செயின்சாப் பைத்தியம் பிடித்தது. காயலான் கடையில் கிடைத்த ஒன்றைப் பிரித்து, துரு எடுத்து, பிஸ்டன் ரிங் மாற்றி, பெயின்ட் அடித்து ஓடவிட்டேன். அதைப் படம் எடுத்து என் மகள் இன்டர்நெட்டில் போட, பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டு வாங்கிப்போனார். அப்புறம் ஆட்கள் தேடி வந்தார்கள். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை வைத்து ஒரு குச்சிகூட அறுத்ததில்லை. ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. நான் செய்த வேலையை நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கர்வம்தான் இருந்தது.

அந்த அம்மாளின் மெஷினில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். பச்சைப் பெயின்டை மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். கார்புரேட்டரின் மெல்லிய ரப்பர் தகடு அப்பளம் மாதிரி மொரமொரத்துப் போயிருந்தது. அதை மாற்றினேன். தீப்பொறி தருகிற காயிலை மாற்றினேன். கடைசியில்தான் கிளட்ச்சைத் திறந்தேன்.

செயின்சாவில், ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் செயின் நின்றுவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது கிளட்ச். அதில் மூன்று கட்டைகள், அவற்றை உள்ளுக்கு இழுத்துப் பிடித்திருக்கும் மூன்று ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங் தளர்ந்தால் கட்டைகள் விரிந்துகொள்ளும். விரலை எடுத்த பிறகும் செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது வருகிற மெஷின்களில் செயினை நிறுத்தத் தனியாக ஒரு பிரேக் உண்டு. இது பழையது, இதில் கிடையாது.

மூன்று ஸ்பிரிங்குகளில் இரண்டு, மெஷினோடு வந்தவை. மூன்றாவது ஒரு மொபெட் ஸ்பிரிங். அதன் கொக்கியை வளைத்து, அளவுக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். எந்த மடையன் செய்த வேலை என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு துணியால் கிளட்ச்சைத் துடைத்தேன். ஓரத்தில் சென்டர் பஞ்ச்சால் குத்திய மூன்று புள்ளிகள் இருந்தன.

நான் பிரிக்கும் ஒவ்வொரு கிளட்ச்சிலும் அப்படி மூன்று புள்ளி குத்துவேன். வேலை பார்த்தவன் யார் என்று பின்னால் தெரிய வேண்டும் என்பது தொழிற்சாலையில் ஊறிய பழக்கம்.

கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. ஒரு மரக் கான்ட்ராக்டரின் ஆள், நாலைந்து மெஷின்களை மொத்தமாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று கடை வாசலிலேயே நிற்கிறான் என்று முதலாளி வந்து சொன்னார். ஒன்றில் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருந்தது. அந்த ஸ்பிரிங் திருச்சியில் எங்கும் கிடைக்காது. கையில் இருந்ததை மாட்டினேன். தொழிற்சாலையில் என்றால் எடை தொங்கவிட்டு இழுவை பார்த்திருப்பேன். அன்று விரலால் இழுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஓட்டினேன். விரலை எடுத்ததும் செயின் நின்றது. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு நிற்குமா என்று பார்க்கவில்லை. சூட்டில்தான் அந்த மாதிரி ஸ்பிரிங் தொய்யும். அது எனக்கு அப்போதே தெரியும்.

இது தற்காலிகம்தான், சரியான ஸ்பிரிங் வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேனா? சொன்னதாக ஒரு நாள் தோன்றும். மறுநாள் சொல்லவில்லை என்று தோன்றும். இன்றுவரை அது எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். மெஷின் பெயின்டைப் பற்றிக் கேட்பது போல ஆரம்பித்து, "உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மரம் அறுக்கையில கால் போயிருச்சு சார். எடது காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"எப்படிம்மா?"

"குடிச்சிட்டுப் போயிருக்காரு சார். சமயபுரத்தாளுக்கு நேந்துக்கிட்டு விட்டவரு. நாலு மாசந்தான். மறுபடி குடிச்சாரு, அவ கால எடுத்துக்கிட்டா. வேற என்னத்தச் சொல்றது."

அன்று மதியம் மனைவியிடம் சொன்னேன். அவள் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். சுற்றி வளைக்கத் தெரியாது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"இப்ப என்கிட்ட சொன்னதத்தான்."

கோயம்புத்தூரிலிருந்து சரியான ஸ்பிரிங் மூன்றை வரவழைத்து மாட்டினேன். மெஷினைக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஓட்டினேன். கை பொறுக்காத அளவுக்குச் சூடான பிறகும், விரலை எடுத்த மறு நொடி செயின் நின்றது. இருபது தடவை பார்த்தேன். இருபது தடவையும் நின்றது.

மெஷினை நானே கொண்டுபோனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ், அங்கிருந்து உப்பிலியபுரம், பிறகு ஷேர் ஆட்டோ. வழி நெடுக என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஓடும் தகரமும் கலந்து வேய்ந்த வீடு. அந்த அம்மாளின் கணவர் கட்டிலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கை இரண்டும் மரக்கட்டை மாதிரி இருந்தன. லுங்கியின் இடது பக்கத்தைக் கீழே மடித்துச் செருகியிருந்தார். நான் சாக்கைப் பிரித்ததும் சோளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மெஷினை மடியில் வாங்கிக்கொண்டார். ஆரஞ்சு நிறத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்த நெறத்துல நான் இத பாத்ததே இல்ல சார்" என்றார்.

"இது எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு?" என்றேன்.

"கான்ட்ராக்டர் குடுத்து அனுப்புனாரு. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு தடவ கூட பாக்கல. குடிச்சிட்டு ஏறுனவனுக்கு நான் என்ன பண்ணுவேன்னு ஊரெல்லாம் சொன்னாரு. வீட்டுக்கு வந்தப்புறம் ஒருநா ஆள்விட்டு இத எறக்கிட்டுப் போனாரு. வச்சுக்கச் சொன்னாராம்."

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். கணவர் மெஷினைப் பார்த்தபடியே கேட்டார்.

"சார், நீங்க எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துருப்பீங்கள்ல?"

"பாத்தேன்."

"அன்னைக்கு நான் குடிக்கல சார். ஒரு புளியமரம். கெளைய அறுத்து முடிச்சிட்டு ஆக்சிலேட்டர விட்டுட்டேன். விட்டுட்டுத்தான் கால மாத்தி வச்சேன். செயின் நிக்கல. லுங்கியப் புடிச்சு இழுத்துருச்சு. இத யாருகிட்ட சொன்னாலும் நம்பல. இவளே நம்பல. மெஷினுக்குள்ள ஏதாவது இருந்துச்சா சார்?"

இதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அவரே கேட்டும்விட்டார்.

"இருந்துச்சு" என்றேன். "கிளட்ச்சுல ஒரு ஸ்பிரிங் தப்பான ஸ்பிரிங். வேற வண்டியோடது. சூடேறினா செயின் நிக்காது. உங்க மேல தப்பில்ல."

அவர் உடனே என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "கேட்டியா?" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"யாரு சார் அத மாட்டுனது?" என்றார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார். "கான்ட்ராக்டர் எங்கயோ திருச்சியில ஒருவாட்டி குடுத்து வாங்குனாரு. ஆனா கடைசியா பாத்தது துறையூர்காரன்தான். எண்ணெ வரலன்னு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அவனாத்தான் இருக்கும்."

நான் தலையாட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மோரைக் குடித்தேன். என் மேல் எனக்கே இருந்த அருவருப்போடு அந்த மோர் ருசியாகவும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கிளம்பும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் மானத்தத் திருப்பிக் குடுத்துட்டீங்க சார்" என்றார். மெஷினை விற்கப் போவதில்லை என்றும் சொன்னார். அந்த அம்மாள் கண் வீங்கிய முகத்தோடு ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன். அவர் மேல தப்பில்லைன்னு சொன்னேன்."

அவள் கடலைப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தக் கடலையை அவள் வறுக்கவே இல்லை. பூச்சி வைத்துப்போய்க் கொட்டினோம்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. குரலில் உற்சாகம். "சார், அந்த துறையூர்காரன நேர்ல போய் நல்லாக் கேட்டுட்டாரு. எங்க அண்ணன் மகன்தான் வண்டியில கூட்டிட்டுப் போனான். ஆறு வருஷம் மனசுல கெடந்தது சார், இப்பதான் கொஞ்சம் தூங்குறாரு. வீடியோ எடுத்துருக்கான், அனுப்பச் சொல்றேன் பாருங்க."

வந்தது. பார்த்தேன். ஒரு சின்னக் கடை, வாசலில் மருந்தடிக்கும் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. அவர் கக்கத்தில் ஊன்றுகட்டையோடு நின்று சத்தம் போடுகிறார். சுற்றிலும் கூட்டம். எதிரே முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர், கையில் கிரீஸ், "நான் ஆயில் பம்ப்புதாண்ணே பாத்தேன், கிளட்ச்ச தொடவே இல்லண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவன், "கால எடுத்துட்டு பேச்சப் பாரு" என்கிறான். அதற்குள் அந்த வீடியோ அந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

அதன் பிறகும் நான் பதினோரு நாள் போகவில்லை. முதல் இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் மழை. பன்னிரண்டாம் நாள் காலையில் மனைவி என் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்தாள்.

அவர் அதே கட்டிலில் இருந்தார். "வாங்க சார்" என்று சிரித்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாலக்கரைக் கடை, மொபெட் ஸ்பிரிங், ஐந்து நிமிட ஓட்டம், மூன்று புள்ளி, போன தடவை வாயை மூடிக்கொண்டு போனது, எல்லாம்.

"நீங்க கை வச்சதா இது" என்றார் கடைசியில்.

"ஆமா."

"நான் குடிக்கலன்னு உங்க வாயாலதான் என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுச்சு. அத வாங்கி வச்சுக்கிட்டேன். இப்ப இத என்ன பண்றது நான்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. துறையூர் போவோம். அந்தப் பையன்கிட்ட நான் பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல."

ஆட்டோவில் ஒரு மணி நேரம். அவர் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். என்னோடு வந்தவர் கட்டையைச் சுவரில் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்று கை கூப்பினார். "தம்பி, நான் தெரியாம பேசிட்டேன். உங்க மேல தப்பில்ல. இவருதான்."

கடைக்காரர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"என் பொண்ணு ஸ்கூல்ல அந்த வீடியோவ காட்டி கேட்டுருக்காங்க" என்றார் கடைக்காரர். "உங்கப்பா கால வெட்டுனவரான்னு. ஏழு வயசு சார் அதுக்கு. நீங்க அந்த வீடியோவ பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்னைக்குப் பாத்தீங்க?"

சொன்னேன். அவர் மனதுக்குள் நாளைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இப்ப என்கிட்ட சொன்னத இதுல சொல்லுங்க."

சொன்னேன். என் பெயரையும் தெருவையும் சேர்த்துச் சொன்னேன். மூன்று நிமிடம் ஓடியது. அன்று சாயங்காலமே அதைக் குரூப்புகளில் போட்டார்.

ஊரே காறித் துப்பும் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கிழவன் நின்று ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவதை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை, யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. முதல் வீடியோதான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பெங்களூர்க்காரர் எப்போதும் போலப் போன் செய்து அடுத்த மெஷின் எப்போது என்று கேட்டார். ரைஸ் மில் முதலாளி தீபாவளிக்கு ஸ்வீட் அனுப்பினார். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. துறையூர்க்காரர் செயின்சா வேலையை அடியோடு விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறாராம்.

இந்த வருடம் தையில் அந்த அம்மாள் மறுபடி கூப்பிட்டார். செயற்கைக் கால் அளவு கொடுக்கத் திருச்சிக்கு வந்திருக்கிறார்களாம். முடிந்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். கணவருக்குத் தெரியாமல் கூப்பிடுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

போனேன். அவர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைச் சற்றுத் தள்ளி, பழக்கடை ஓரமாக அழைத்துப்போனார்.

"அவரு உங்ககிட்ட பேசமாட்டாரு சார். நான்தான் வரச் சொன்னேன்."

"சொல்லுங்கம்மா."

"ஏதாவது திட்டுறாரான்னு பாக்கத்தான். உங்களப் பாத்தா ரெண்டு வார்த்த திட்டுவாருன்னு நெனச்சேன். யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு சார். ஆறு வருஷம் நான் அவர என்னென்ன பேசிருக்கேன் தெரியுமா? சோத்த வைக்கையில எல்லாம் குடிகாரன்னு சொல்லித்தான் வச்சேன். தப்புங்க, மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்து கேட்டுட்டேன். ஒரு தடவ இல்ல. 'சரி சாப்புடு'ங்கறாரு. அவ்வளவுதான். திட்டிட்டாருன்னா எனக்குத் தூக்கம் வரும்."

அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்றேன். பழக்காரர் எங்களைப் பார்த்து, "கொய்யா வேணுமாம்மா?" என்று கேட்டார்.

பெஞ்சிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "பஸ்ஸ எடுக்கப் போறான், வா."

அந்த அம்மாள் ஓடிப்போய் அவரைத் தாங்கி ஏற்றினார். பை கீழேயே இருந்தது. நான் எடுத்துப் படியில் நின்று நீட்டினேன். கணவர்தான் என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார். துறையூர் பஸ் போன பிறகு, நான் ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.